இடது பக்கத்துப் படுதா

அந்த ஜீப்பில் கால் வைப்பதில்லை என்று நான் சபதம் செய்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கற்பூரம் அடித்துச் செய்த சபதம் இல்லை. ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே செய்தது. அதனால் இன்னும் கெட்டி.

என் வீட்டுக்காரர் அரசாங்க டிரைவர். விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் அதிகாரிக்கு ஜீப் ஓட்டினார். எங்கள் வீடு திண்டிவனத்தில். நான் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஐப்பசி மாதத்தில் ஒருநாள் விழுப்புரத்தில் எங்களுக்கு மீட்டிங் வைத்தார்கள். முடிந்து வெளியே வந்தால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. குடை மேல்பக்கமாக மடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டர்களை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, நான்கு முனைச் சந்திப்பில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றேன். அப்போது அந்த ஜீப் வந்தது. முன்னால் அதிகாரி. பின்னால் ஸ்டெப்னி டயரைத் தவிர ஆள் கிடையாது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். முகம் திரும்பவில்லை, கண் மட்டும் திரும்பியது. வண்டி நிற்கவில்லை. தேங்கிய தண்ணீரை என் இடுப்பு வரைக்கும் அடித்துவிட்டுப் போயே போய்விட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவர் சொன்ன சமாதானம் இது:

"கவர்மெண்ட் வண்டி. ஃபேமிலிய ஏத்தக் கூடாது. லாக் புக்குல இன்னான்னு எழுதுவேன்?"

"பொண்டாட்டி நனைஞ்சிக்கினு நின்னா, ஏத்திக்கினு வந்தேன்னு எழுதுங்க."

"அப்படியெல்லாம் எழுத முடியாது."

அவர் நேர்மையானவர். அதில் சந்தேகம் இல்லை. அலுவலகத்தில் வண்டி துடைக்கிற துணியைக்கூட வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. ஆனால் நேர்மையான புருஷனோடு குடித்தனம் செய்கிறவளுக்குத்தான் தெரியும், அந்த நேர்மை மழையில் எவ்வளவு குளிரும் என்று. "இனிமே அந்த வண்டி சொர்க்கத்துக்கே போனாலும் நான் ஏற மாட்டேன்" என்றேன். "ஒன்ன யாரு ஏறச் சொன்னா?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவர் ரிட்டயர் ஆனபோது அலுவலகத்தில் மாலை போட்டுச் சால்வை போர்த்தி அனுப்பினார்கள். ஜீப்புக்கும் வயதாகிவிட்டது என்று ஓரங்கட்டினார்கள். அதற்கு மாலை எல்லாம் இல்லை. கட்டடத்துக்குப் பின்னால் வேலிக்காத்தான் புதரில் தள்ளிவிட்டார்கள். பிறகு ஒருநாள் ஏலம் விட்டார்கள். "சும்மா பாத்துட்டு வர்றேன்" என்று போன மனுஷன், சாயங்காலம் ஒரு டிராக்டருக்குப் பின்னால் கயிறு கட்டி ஜீப்பை இழுத்துக்கொண்டு வந்தார். கயிற்றில் வருகிற வண்டிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தெருவே வாசலில் நின்று பார்த்தது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆனால் எத்தனை நேரம் சாத்திக்கொண்டு இருப்பது? பின்பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயப்போடுகிற சிமெண்டுத் தரையில் அதைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். போய்ப் பார்த்தேன். எஞ்சினுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. பேட்டரி இல்லை. ஒரு கதவும் இல்லை. பின்பக்கத் தரையில் ஓட்டை விழுந்து, மண் சேர்ந்து, ஒரு வேப்பங்கன்று முளைத்து நாலு இலை விட்டிருந்தது.

"வண்டி ஓடுதோ இல்லியோ, அந்தக் கன்னையாவது எடுத்து நடுங்க. நெழலாவது கெடைக்கும்" என்றேன்.

நிஜமாகவே எடுத்து நட்டார். இப்போது அது என் தோள் உயரம் இருக்கிறது. அந்த வருஷம் மல்லாட்டை மூட்டைகளை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காயவைத்தது யார் என்று கேட்காதீர்கள்.

வண்டியைச் சரிசெய்ய ஒரு மெக்கானிக்கைப் பிடித்தார். முகையூர்ப் பக்கத்துக்காரர், வயது நாற்பத்தைந்து இருக்கும். வார நாட்களில் திண்டிவனத்தில் ஒரு ஒர்க் ஷாப்பில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு, அதே வெள்ளைச் சட்டையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். சட்டையைக் கழற்றி என் துணிக்கொடியில் மாட்டுவார். சிலுவை போட்டுக்கொண்டு முதல் நட்டில் ஸ்பேனரை வைப்பார். நட்டு கழன்றால் "மாதாவே!" என்பார். கழலாவிட்டால் அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இவருக்கும் அவருக்கும் ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு சண்டை. என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் ஓட்டியவர். அதனால் வண்டியைப் பற்றித் தனக்குத் தெரியாதது இல்லை என்ற எண்ணம். உண்மையில் அவருக்கு ஸ்டியரிங்குக்கு இந்தப் பக்கம்தான் தெரியும், அந்தப் பக்கம் தெரியாது. மெக்கானிக்குக்கு அந்தப் பக்கம் தெரியும், பொறுமை கிடையாது. இரண்டு பேரும் கத்திக் களைத்துப்போய் "கொஞ்சம் டீ" என்று ஒரே குரலில் கேட்கும்போதுதான் எங்கள் வீட்டில் ஒற்றுமை தெரியும்.

என் அடுக்களை கொஞ்சம் கொஞ்சமாக ஒர்க் ஷாப் ஆனது. இட்லிக் குண்டானில் டீசல் ஊற்றி பேரிங் கழுவினார்கள். முறத்தில் நட்டு, போல்ட். ஒருநாள் ரசத்துக்கு மிளகு எடுக்கலாம் என்று டப்பாவில் கையை விட்டால், கை நிறைய பால்ரஸ் குண்டு வருகிறது.

"மொளகு எங்க?"

"வேற டப்பாவுல பத்திரமா கொட்டி வெச்சிருக்கேன்."

"எந்த டப்பா?"

"அதான் ஞாபகம் வர்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த மிளகு ஆறு மாதம் கழித்து, ஜீப்பின் டூல்ஸ் பெட்டியில், கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடைத்தது.

இதெல்லாம் பேஜாரு என்றாலும் பொறுத்துக்கொண்டேன். எனக்குப் பொறுக்காதது வேறு. எஞ்சினைக் கீழே இறக்கிப் பிரித்துப் போட்டிருந்தார்கள். வண்டிக்குள் எஞ்சின் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. அந்த நேரத்தில் இவர் விழுப்புரம் போய், முன்பக்கத்து இடது சீட்டுக்கு மட்டும் புது மெத்தை தைத்து எடுத்துக்கொண்டு வருகிறார். அரக்கு நிற ரெக்சின். நல்ல கனம்.

"எஞ்சினே இல்லாத வண்டிக்கு மெத்தை எதுக்கு?"

"இருக்கட்டும்" என்றார்.

அடுத்து, ஏறுவதற்கு ஒரு படி வெல்டிங் வைத்தார். இடது பக்கம் மட்டும். வலது பக்கத்தில் படி இல்லாததால் வண்டி ஒரு காலில் கொலுசு போட்ட மாதிரி இருந்தது. எனக்கு முழங்கால் வலி வந்து மூன்று வருஷம் ஆகிறது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அடுத்து, பிடித்துக்கொண்டு ஏற ஒரு கைப்பிடி. அதுவும் இடது பக்கம். அடுத்து, குடை மாட்ட ஒரு கொக்கி. கடைசியாக, மழைச்சாரல் அடிக்காமல் இருக்க, சுருட்டி மேலே கட்டிக்கொள்கிற மாதிரி தார்ப்பாய்த் துணியில் ஒரு படுதா. தோல்பட்டை, பக்கிள் எல்லாம் வைத்தது. அதுவும் ஒரே பக்கம்.

மெக்கானிக்குக்கே தாங்கவில்லை. "அண்ணே, ரெண்டு பக்கமும் போட்டுடலாமே. பாக்கறதுக்கு ஒருமாதிரி கீது."

"வலது பக்கம் நான்தானே ஒக்காரப் போறேன். நான் நனைஞ்சா நனைஞ்சிட்டுப் போறேன்."

நான் கொல்லைக் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். காதில் விழாத மாதிரி இன்னும் பலமாகத் தேய்த்தேன்.

எனக்குப் புரியாமல் இல்லை. நான் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லையே. அந்த மெத்தையும் படியும் படுதாவும் யாருக்கு என்று தெரு நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும். ஆனால் இருபது வருஷக் கோபத்தை ஒரு ரெக்சின் மெத்தைக்கு விட்டுக்கொடுத்துவிட முடியுமா? எனக்கு வேண்டியது ஒரு வார்த்தை. "அன்னிக்கு நான் செஞ்சது தப்பு." அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டால் சபதத்தைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு ஏறலாம் என்று மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். அவரோ வார்த்தைக்குப் பதிலாக வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஜீப்புக்கு ஒரு பெருமை உண்டு. சாதாரண வண்டியைப் பின்சக்கரம் இரண்டும்தான் தள்ளும். இதில் கியருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன லிவர் இருக்கும். அதை இழுத்தால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். சேற்றிலோ மணலிலோ மாட்டினால் அதுதான் காப்பாற்றும். "ஃபோர் வீலு" என்று அவர் சொல்லும்போது குரலே மாறும். ஆனால் முன்பக்க அச்சுக்குள் இருந்த பெரிய பல்சக்கரம், வயசான கிழவி வாய் மாதிரி பாதிப் பல் இல்லாமல் இருந்தது. மெக்கானிக் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போய் வேறொன்று எடுத்து வந்தார். அளவு பார்க்கப் பழசைக் கையோடு எடுத்துக்கொண்டு போகவில்லை. "கண்ணால பாத்தாலே தெரியும் அண்ணே" என்றார்.

பின்பக்க அச்சையும் பிரித்திருந்ததால் இரண்டு பல்சக்கரங்களும் என் இட்லிக் குண்டானில் கிடந்தன. கழுவித் துடைக்கிற வேலை என் தலையில். சத்துணவுக் கூடத்தில் முட்டை எண்ணி எண்ணி எனக்கு ஒரு வியாதி: எதைப் பார்த்தாலும் எண்ணுவேன். படி ஏறினால் எண்ணுவேன். பஸ்ஸில் ஜன்னல் கம்பியை எண்ணுவேன். ஆரம்பித்த பல் மறந்துவிடக் கூடாது என்று முதல் பல்லில் குங்குமம் வைத்துவிட்டு எண்ணினேன். பின்பக்கத்தில் நாற்பத்து மூன்று. முன்பக்கத்தில் முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். அதேதான்.

"இத பாருங்க. பின்னால நாப்பத்து மூணு பல்லு, முன்னால முப்பத்தொம்போது. நாலு கொறையுது."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இது இன்னா சத்துணவு முட்டையா, எண்ணி வாங்கறதுக்கு?"

மெக்கானிக் சிரித்தார். "நாலு பல்லுதானக்கா. எங்கப்பாவுக்கு எட்டுப் பல்லு இல்ல, எலும்பக் கடிக்கிறாரு."

சொன்னேன். கேட்கவில்லை. குங்குமத்தைக்கூடத் துடைக்காமல் அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஒரு முட்டை குறைந்தாலும் மூன்று பேருக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தவள் நான். நாலு பல் குறைந்தால் யாராவது ஒருநாள் விளக்கம் சொல்லத்தானே வேண்டும்? காத்திருந்தேன்.

பங்குனிக் கடைசியில் எஞ்சின் ஓடியது. விட்ட முதல் புகையில் பக்கத்து வீட்டு வெள்ளை வேட்டி மூன்றும் திரும்ப ஊறப்போட வேண்டியதாயிற்று. கருத்த முகத்தோடு இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிப் பார்த்தார்கள். கோளாறு ஒன்றும் இல்லை. சின்ன லிவரைத் தொடவில்லை. "தார் ரோட்டுல ஃபோர் வீலு போடக் கூடாது, தெரியாதா?" என்று எனக்குப் பாடம் வேறு. ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், தகுதிச் சான்று என்று ஒவ்வொன்றுக்கும் என் வீட்டுக்காரர் வரிசையில் நின்று முறையாக வாங்கினார். அவர் அப்படித்தான்.

சித்திரை பிறந்ததும் திருவக்கரை அம்மனுக்கு வண்டியைக் கொண்டுபோய்ப் பூஜை போடுவது என்று முடிவானது.

"நீயும் வர்ற" என்றார்.

"வர்றேன். பஸ்ல."

சாமிக்காகப் போகிறேன், வண்டிக்காக இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன். மாலையும் எலுமிச்சம்பழமும் இருந்த கூடையைத் தூக்கிக்கொண்டு, பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஜீப் பின்னாலேயே வந்தது. ஸ்டியரிங்கில் என் வீட்டுக்காரர், பின்னால் மெக்கானிக், முன்னால் இடது பக்கம் காலி மெத்தை. பஸ் நின்றால் நின்றது. பஸ் கிளம்பினால் கிளம்பியது. மயிலம் வருவதற்குள் கண்டக்டர் மூன்று தடவை பின்கண்ணாடியை எட்டிப் பார்த்துவிட்டார்.

"யாருக்கா அது, நம்மளயே தொத்திக்கினு வர்றாங்க? முந்தவும் மாட்டேன்றாங்க!"

"வரட்டும்பா. எங்க வீட்டு ஜீப்புதான்."

கண்டக்டர் என்னைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் கல்யாணம் ஆகியிருக்கும்.

மயிலத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு அரை மணி நேரம் நின்றேன். ஜீப்பும் பத்தடி தள்ளி அரை மணி நேரம் நின்றது. மெக்கானிக் மட்டும் இறங்கி வந்து எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "அக்கா, அந்த மெத்தையில நான்கூட ஒக்காரக் கூடாதாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோயிலுக்கு வெளியே மண்தரையில் வண்டியை நிறுத்தினார்கள். ஐயர் மாலை சாற்றினார், பொட்டு வைத்தார், நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். மெக்கானிக் தன் பங்குக்கு ஒரு சின்ன பாட்டிலில் கொண்டுவந்திருந்த மாதா கோயில் தீர்த்தத்தை யாரும் பார்க்காதபோது பானட்டில் தெளித்தார். "ரெண்டு எடத்துலயும் சொல்லி வெச்சிடுவோம் அண்ணே."

வண்டியை நகர்த்திப் பழத்தை நசுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் அங்கே நின்ற பத்துப் பேருக்கும் கேட்கிற மாதிரி, "நாலு பழமும் நாலு சக்கரத்தோட சொந்த பலத்துல நசுங்கணும்" என்று அறிவித்துவிட்டு, சின்ன லிவரை இழுத்தார். ஃபோர் வீல். வண்டி உறுமியது. நாலு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின. யாரோ கைதட்டினார்கள். மண்தரையில் வண்டி கொஞ்ச தூரம் போய் ஒரு வட்டம் அடித்து என் முன்னால் வந்து நின்றது. அவர் இடது பக்கத்து மெத்தையைத் தட்டினார்.

"ஏறு."

ஆட்டை வண்டியில் ஏற்றுகிற மாதிரி ஒரே ஒரு "ஏறு". நான் கொஞ்ச நேரம் நின்றேன். இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்தேன். வரவில்லை. காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு, "எனக்கு பஸ் வரும்" என்று தார் ரோட்டைப் பார்த்து நடந்தேன்.

தார் ரோட்டில் ஏறுவதற்கு முன்னால் சின்ன லிவரைப் பழையபடி தள்ள வேண்டும் என்பது முப்பது வருஷம் ஓட்டியவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர் கண் லிவரில் இல்லை, நடந்து போகிற என் முதுகில் இருந்தது என்று பிறகு மெக்கானிக் சொன்னார்.

ஸ்டாப்பில் நான் மட்டும்தான். பின்னால் ஒரு முனகல் கேட்டது. ஜீப் தார் ரோட்டில் ஏறி என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. சக்கரங்கள் கிறீச்சிட்டன. வண்டி இழுத்து இழுத்து வந்தது. என் பக்கத்தில் வந்ததும் நிற்கும் என்று நினைத்தேன். சரி, நின்றால் இந்தத் தடவை ஏறிவிடலாம், வெயிலும் அதிகமாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன். அதற்குள் பின்னாலிருந்து மெக்கானிக் கத்தினார்:

"நிறுத்தாதீங்க அண்ணே! என்னமோ புடிச்சி இழுக்குது! நிறுத்தினா அப்புறம் கெளம்பாது!"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். முகம் திரும்பவில்லை, கண் மட்டும் திரும்பியது. வண்டி நிற்காமல் என்னைத் தாண்டிப் போய்விட்டது.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் மட்டும் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அழுகையும் வந்தது. ஒரே ஆள், ஒரே வண்டி, இரண்டாவது தடவை.

நாற்பது அடி போயிருக்கும். வண்டி முயல் மாதிரி இரண்டு தாவு தாவி, அணைந்து நின்றது. மெக்கானிக் குதித்து அடியில் புகுந்தார். என் வீட்டுக்காரர் சின்ன லிவரை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. ரோட்டில் வேறு சத்தம் இல்லாததால் அவர்கள் பேசுவது எனக்கு நன்றாகக் கேட்டது.

"அண்ணே, முன்சக்கரம் ஜல்தியா போவணும்னுது, பின்சக்கரம் மெதுவா போவணும்னுது. மண்ணுல வழுக்கிக்கினு போய்டிச்சி. தாருல முடியல. உள்ள முறுக்கிக்கினு லிவரப் புடிச்சிக்கிச்சி." கொஞ்சம் நிறுத்தி, குரலை இறக்கிச் சொன்னார். "அக்கா அன்னிக்கே சொன்னாங்க. நாலு பல்லு."

என் வீட்டுக்காரர் லிவரிலிருந்து கையை எடுத்தார்.

"பின்னால எடுங்க. பின்னால போனா முறுக்கு அவிழும். அப்ப லிவரத் தள்ளிடலாம்."

எஞ்சினைக் கிளப்பி ரிவர்ஸ் போட்டார். வண்டி இரண்டடி, மூன்றடி பின்னால் வந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். லிவர் விட்டுக்கொடுத்தது.

"கழண்டுச்சி! போதும் அண்ணே, இனிமே முன்னால போலாம்!"

அவர் நிறுத்தவில்லை. பின்னாலேயே வந்தார். "அண்ணே, போதும்! அண்ணே!" என்று மெக்கானிக் பக்கத்தில் ஓடி வந்தார். அவர் கேட்கவே இல்லை. ஒரு கை ஸ்டியரிங்கில், உடம்பை முறுக்கி, பின்பக்கம் பார்த்துக்கொண்டு நாற்பது அடியும் ரிவர்ஸிலேயே வந்தார். இந்தத் தடவை முகம் முழுசாக என் பக்கம் திரும்பியிருந்தது. கழுத்து வலித்திருக்கும், அவருக்கு அங்கே பிடிப்பு உண்டு. இடது பக்கத்துப் படி என் காலுக்கு நேராக வந்ததும் வண்டி நின்றது.

"நீ சொன்னதுதான் சரி" என்றார்.

"நாலு பல்லா?"

"அதுவும்."

நான் படியில் கால் வைக்கவில்லை. அவர் எஞ்சினை அணைத்தார்.

"அன்னிக்கு நிறுத்தியிருக்கணும். மழையில நீ நின்னது இன்னும் கண்ணுலயே கீது. அந்த எடத்தத் தாண்டும்போதெல்லாம் பாப்பேன்."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. காலையில் மயிலத்திலிருந்து கொண்டுவந்து விட்ட அதே பஸ்தான். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "அக்கா, வர்றீங்களா?" என்றார்.

"நீ போப்பா" என்றேன்.

பிறகு என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "லாக் புக்குல இன்னான்னு எழுதுவீங்க?"

"பொண்டாட்டிய ஏத்திக்கினு வந்தேன்னு."

படியில் கால் வைத்துக் கைப்பிடியைப் பிடித்து ஏறினேன். முழங்கால் வலிக்கவில்லை. மெத்தை நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் வழுக்கியது. அவர் இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். சுருட்டிக் கட்டியிருந்த படுதாவை அவிழ்த்து இறக்கினார். பக்கிளை ஒவ்வொன்றாகப் போட்டார். சித்திரை மாத மத்தியானம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. படுதாவுக்குள் இட்லிக் குண்டானுக்குள் உட்கார்ந்த மாதிரி வெந்தது.

"அண்ணே, இன்னா அண்ணே இது? தூக்கி வுடுங்க, அக்காவுக்குக் காத்து வரட்டும்" என்றார் பின்னால் ஸ்டெப்னி மேல் உட்கார்ந்திருந்த மெக்கானிக்.

"இருக்கட்டும்பா" என்றேன் நான்.

திண்டிவனம் போய்ச் சேருகிற வரைக்கும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. படுதாவைத் தூக்கச் சொல்லவில்லை.